வடசென்னை வீட்டறையில் பாட்டு ரெக்கார்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கமிருந்து வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் கானா பாடுகிறவர்கள் நிறைய. மற்றவர்கள் சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர்கள், ராப் எழுதும் காலேஜ் பசங்கள், கீபோர்டு சொல்லிக்கொடுப்பவர்கள். கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டுவிட்டேன். வீடு மட்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பத்துக்குப் பத்து அறை, சிமென்ட் சுவர், பக்கத்தில் ரயிலோ லாரியோ. பதில்களும் அந்த அறைக்கானவை.

கையில லேப்டாப் இருக்கு. இன்னும் இன்னாலாம் வாங்கணும்?

ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் மைக் கேபிள், ஸ்டாண்ட், காதை முழுசாக மூடும் ஹெட்போன். அவ்வளவுதான். எல்லாம் புதிதாக வாங்கினாலும் ஒரு நடுத்தர ஆண்ட்ராய்டு போன் விலையில் முடித்துவிடலாம். லேப்டாப்பில் 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் பழைய ஐ5 கூடத் தாங்கும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய மாடல் என்றால் முதல் செலவு எஸ்எஸ்டி மாற்றுவது.

மானிட்டர் ஸ்பீக்கர், மிடி கீபோர்டு, கலர் விளக்கு எல்லாம் பிறகு பார்க்கலாம். வெற்றுச் சுவர் அறையில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரை வைத்தாலும் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தையும் சேர்த்துத்தான் கேட்பீர்கள். அந்தக் காசை ஹெட்போனில் போடுங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேபிள், ஸ்டாண்ட், கன்வெர்ட்டர் வாங்கத் தயங்க வேண்டாம். மைக் மட்டும் பில்லோடு, கம்பெனி டீலரிடம். ஷூர் கம்பெனியின் எஸ்எம்58 போல டூப்ளிகேட் அதிகமாக ஓடும் மைக் குறைவு. பாதி விலைக்குக் கிடைத்தால் அது எஸ்எம்58 இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன்லயே எடுத்துடலாமா?

மெட்டு மறக்காமல் இருக்க, வரிகளைச் சரிபார்க்க, தாராளமாக. யூடியூப் ஷார்ட்ஸுக்குக்கூடப் போதும். பிரச்சினை போனின் மைக்கில் இல்லை, போன் தானாகச் செய்யும் வேலையில் இருக்கிறது. நீங்கள் மெதுவாகப் பாடினால் லெவலை ஏற்றும், உரக்கப் பாடினால் இறக்கும். டோலக் அடியைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். நீங்கள் உயிரைக் கொடுத்து ஏற்றி இறக்கிப் பாடியதெல்லாம் ஒரே மட்டமாக வந்து நிற்கும். இந்தத் தானியங்கி வேலைகளை அணைக்க வழிவிடும் ரெக்கார்டிங் ஆப் கிடைத்தால் அதில் எடுங்கள்.

இன்டர்ஃபேஸ்னா இன்னா? மைக்கை நேரா லேப்டாப்ல சொருகினா ஆவாதா?

சத்தம் வரும், பாட்டு வராது. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சன்னமானது. அதைச் சுத்தமாகப் பெருக்கி எண்களாக மாற்றுவது இன்டர்ஃபேஸின் வேலை. லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டைக்குப் பின்னால் இருப்பது வீடியோ காலுக்குச் செய்த சர்க்யூட்; பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். வெளியிலிருந்து கரன்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதில் வராது.

தனியாளாகப் பாடி, ரெடிமேட் பீட் மேல் குரல் மட்டும் ஏற்றுகிறவர் யுஎஸ்பி மைக்கோடு நின்றுவிடலாம். டோலக் கூட உட்கார வேண்டும் என்றால் இரண்டு மைக் வாங்கும் இன்டர்ஃபேஸாகப் பாருங்கள். ஒற்றை மைக் மாடலுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான், பிறகு மாற்றுவது முழுச் செலவு.

கண்டென்சர்தானே ஸ்டூடியோ மைக்? அதையே வாங்கிடட்டா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஊரோடு ஒத்துப்போவதில்லை. நம் வீடுகளுக்கு முதல் மைக் டைனமிக்காக (48 வோல்ட் வேண்டாத வகை) இருக்கட்டும் என்பதே என் பதில். மேடையில் பார்க்கிற எஸ்எம்58 இனம். அது 1966 முதல் விற்பனையில் இருக்கிறது.

கண்டென்சர் தெருச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் வைத்து, குரலை ஒரே அளவுக்கு ஏற்றிவிட்டால் இரண்டிலும் பின்னால் கேட்கும் லாரி ஏறக்குறைய ஒரே அளவுதான். வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், கண்டென்சரைப் பார்த்ததும் எல்லோரும் ஒரு அடி தள்ளி நிற்கிறார்கள். டைனமிக்கை உதட்டருகே பிடிக்கிறார்கள். ஒரு அடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் அறைச் சத்தத்தைவிட உங்கள் குரல் 12 டெசிபல் மேலே ஏறுகிறது. எந்த ஃபோம் ஷீட்டும் இந்த 12 டெசிபலைத் தராது.

கிட்ட வந்தால் இரண்டு விலை கொடுக்க வேண்டும். குரலின் அடிக்கனம் கூடும். ‘ப’, ‘பா’ வரும் இடங்களில் காற்று மோதி டம் என்று கேட்கும். முதலாவதை மிக்ஸிங்கில் கொஞ்சம் குறைத்துவிடலாம். இரண்டாவதுக்கு மைக் முன்னால் வைக்கும் வலைத் திரையான பாப் ஃபில்டர் போடுங்கள், அல்லது மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கமாகச் சற்றுத் திருப்புங்கள். கானா பாடுகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: தெருவில் மைக் இல்லாமல் பாடிப் பழகிய தொண்டை, கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் திருகு) கொஞ்சம் திறந்தாலே போதும். முணுமுணுக்கும் பாடகருக்குத்தான் விலை குறைந்த இன்டர்ஃபேஸில் டைனமிக் மைக் திணறும்.

எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம். ஆகவே மைக்கின் வால் ஜன்னலைப் பார்க்கட்டும், நீங்கள் ஜன்னலைப் பார்த்துப் பாடுங்கள். சுவரைப் பார்த்து, ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பாடினால் தெரு நேராக மைக்குக்குள் வந்து உட்காரும்.

ரயிலு, லாரி, ஸ்பீக்கர் செட்டு... எப்பதான் ரெக்கார்டு பண்றது?

உங்கள் தெருவுக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், கொருக்குப்பேட்டை தண்டவாளம் ஓரம் குடியிருப்பவர்களுக்குக் கடைசி மின்சார ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவில் இடைவெளி கிடைக்கும். இடையில் சரக்கு ரயில் வந்தால் அந்த டேக்கை (ஒரு தடவை பாடி எடுத்ததை) மட்டும் திரும்பப் பாடுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கதை வேறு. கன்டெய்னர் லாரிக்கு ராப்பகல் கிடையாது. அங்கே ராத்திரியை நம்பி உட்காருவதைவிட, வீட்டின் உள்ளறையில் மத்தியான வேளையில் எடுப்பது நல்லது. ராத்திரியில் குரலும் தூங்கியிருக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கியிருக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். யாரும் பேசாமல் அரை நிமிடம் ரெக்கார்டு போட்டுவிட்டு ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். தெரு என்று நினைத்துக்கொண்டிருந்த இரைச்சலில் பாதி வீட்டுக்குள்ளேயே இருக்கும்: சீலிங் ஃபேன், ஃப்ரிட்ஜ், டியூப் லைட் சோக், லேப்டாப்பின் சொந்த ஃபேன். பாடும் நாலு நிமிடம் ஃபேனை நிறுத்தலாம்; மே மாதத்தில் அதுவே தவம்தான், டேக்குக்கு டேக் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதன் மேல் வையுங்கள், திரும்பப் போட மறக்க முடியாது. லேப்டாப்பைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம், மைக்கின் முதுகுக்கு நேராகத் தள்ளுங்கள்.

ரயில் போகும்போது தரை வழியாக வரும் அதிர்வு தனி. ஸ்டாண்டின் காலுக்கடியில் மடித்த போர்வையோ பழைய யோகா மேட்டோ போட்டால் குறையும். மிச்சத்தைக் குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். குரலுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

ரூம்ல எக்கோ அடிக்குது. முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். மெல்லிய அட்டை கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் தின்னும், மற்றதை விட்டுவிடும். அறை இன்னும் மந்தமாகக் கேட்கும், எக்கோ போகாது, கரப்பான் வரும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். டோலக்கின் அடிநாதத்தை ஒரு அங்குல ஃபோம் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பதும் வேறு வேலை. அதற்குச் செங்கல், கனமான கதவு, இடைவெளி அடைத்த ஜன்னல் வேண்டும்; ஒட்டுகிற பொருள் எதுவும் உதவாது.

அறைக்குள் திரும்பும் சத்தத்துக்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் மட்டும் வைக்கிறார்கள். மைக் பார்ப்பது உங்களை. உங்களுக்குப் பின்னாலிருக்கும் சுவரில் பட்டுத் திரும்புவதுதான் நேராக மைக்கின் முகத்துக்கு வரும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் பக்கத்தில் பாடலாம். மொசைக் தரையில் ஒரு பாய், அதன் மேல் கம்பளி.

சதுர அறை என்றால் நட்டநடுவில் நிற்காதீர்கள். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே சுருதியில் முழங்கும். பத்தடிக்கு அது 56 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். குரலுக்குக் கவலை இல்லை, டோலக்கும் பேஸ் கிட்டாரும் அங்கே சிக்கும்.

சாஃப்ட்வேர் எது?

கையில் மேக் இருந்தால் கராஜ்பேண்ட், இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பர்: அறுபது நாள் பார்த்துவிட்டு வாங்கலாம், தனியாள் லைசென்ஸ் 60 டாலர், பழைய லேப்டாப்பிலும் லேசாக ஓடும். குரலை எடுத்து வெட்டி ஒட்டுவது மட்டும் என்றால் ஆடாசிட்டி போதும். பீட் போடுகிற பசங்கள் எஃப்எல் ஸ்டூடியோவில்தான் இருக்கிறார்கள். அதன் டிரையலில் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததைத் திரும்பத் திறக்க லைசென்ஸ் வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

கிராக் காப்பி பற்றிக் கேட்கிறார்கள். தர்மம் பேசவில்லை, பாட்டு முடிகிற நேரத்தில் வைரஸோ கிராஷோ வந்து மொத்தமும் போனால் யாரிடமும் போய் நிற்க முடியாது.

என் குரல் ஹெட்போன்ல லேட்டா வருது, தாளமே மாறிப்போவுது

கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொத்துக் கொத்தாக வாங்கிக் கொடுக்கிறது. அந்தக் கொத்தின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 என்று வைத்தால் உள்ளே வர 21 மில்லி செகண்டு, வெளியே போக இன்னொரு 21. நாற்பதைத் தாண்டினால் யாரும் தடுமாறுவார்கள். 128 என்று இறக்குங்கள், ஒரு பக்கத்துக்கு மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவாகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரின் சத்தம் நம்மிடம் வரவே அவ்வளவு ஆகும். மிக்ஸ் செய்யும்போது திரும்ப 1024க்கு ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் லேப்டாப் திக்கும்.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏசியோ (ASIO) டிரைவரைப் போட்டால்தான் இது நடக்கும். டிரைவர் போடாமலே குறை சொல்கிறவர்கள் அதிகம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமலே காதுக்கு வரும். புளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அதில் மட்டுமே பெரும்பாலும் நூறு மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும்.

லெவல் எவ்வளவு?

சாஃப்ட்வேர் செட்டிங் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சத்தில் பாடும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் அந்த இடம் உடைந்துபோகும், எந்தப் பிளக்இன்னும் முழுசாகச் சரிசெய்யாது. ஒத்திகையில் பாடுவதைவிட டேக்கில் எல்லோரும் உரக்கப் பாடுவார்கள், அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

கிளிக் போட்டுப் பாடணுமா? கானாவுக்கு அது செட் ஆவாதே?

கிளிக் என்பது ஹெட்போனில் தாளம் காட்டும் டிக் டிக் சத்தம். அதைத் தொகையறாவுக்குப் போடாதீர்கள். தொகையறா தாளமில்லாமல், பாடுகிறவர் மூச்சுக்கு நீளுகிற பகுதி. கிளிக்கோடு பாடினால் செத்துப்போகும். கிளிக்கை அணைத்துவிட்டுத் தொகையறாவைத் தனியாக எடுங்கள். டோலக் விழுகிற இடத்தில் பாட்டின் முதல் அடியை வைத்து அங்கிருந்து கிளிக்கைத் தொடங்குங்கள்.

பாட்டுப் பகுதிக்குக் கிளிக் இருந்தால், பிறகு பேஞ்சோவோ (கட்டைகளை அழுத்தித் தந்தியை மீட்டும் புல்புல் தரங்) கீபோர்டோ சேர்க்கும்போது வேலை பாதியாகும். திஸ்ர நடையில், அதாவது அடிக்கு மூன்றாகப் போகும் பாட்டுக்கு சாஃப்ட்வேரில் 6/8 என்று வைக்க மறக்காதீர்கள். 4/4ல் விட்டுவிட்டால் கிளிக் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் இழுக்கும். டிக் டிக் சத்தம் பிடிக்காத டோலக்காரருக்கு நாலு பார் டோலக் லூப்பைக் கிளிக்குக்குப் பதில் போட்டுக் கொடுங்கள், சந்தோஷமாக வாசிப்பார். மரண வீட்டுக் கானாவில் பழகியவர்கள் கதையோடு சேர்த்து வேகத்தைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் பாட்டுக்குக் கிளிக்கை மறந்துவிட்டு, குரலையும் டோலக்கையும் ஒரே நேரத்தில் எடுப்பதே சரி.

டோலக், பேஞ்சோவுக்கு மைக் எங்க வெக்கணும்?

ஒரே மைக் என்றால் டோலக்குக்கு முன்னால் இரண்டடி தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் மார்பு உயரத்தில், பெரிய முகத்தின் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நேராக நடுவில் வைத்தால் சின்ன முகத்தின் சுளீர்தான் முன்னால் வரும். பெரிய முகத்தில் கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி இழுக்கும்போது நாதம் வளைந்து இறங்குவது கேட்கிறதா என்று பார்த்து அங்குல அங்குலமாக நகர்த்துங்கள். அந்த இழுப்புக் கேட்காத டோலக் ரெக்கார்டிங்கை நான் முடிந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு மைக் இருந்தால் முகத்துக்கு ஒன்று. அப்போது ஒரு டிராக்கில் போலாரிட்டி மாற்றும் பட்டனை அழுத்திப் பாருங்கள். இரண்டு தோலும் எதிரெதிர்ப் பக்கம் பார்ப்பதால் ஒரு நிலையில் அடிக்கனம் ஒன்றையொன்று தின்றுவிடும், மற்றதில் நிறைந்து கேட்கும். நிறைந்து கேட்பதை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஆகவே டோலக் வேலையை ஒரே உட்காருதலில் முடியுங்கள். இன்று பாதி, அடுத்த வாரம் பாதி என்றால் ஒட்டுப்போட்டது தெரியும்.

பேஞ்சோவில் பிக்கப் இருந்தால் இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதிய பட்டனை அழுத்தி நேராகச் சொருகுங்கள். மைக் வைத்து எடுப்பதானால் கட்டைகள் பக்கம் வேண்டாம், டைப்ரைட்டர் சத்தம் வரும். தந்தியை மீட்டும் பக்கம் வையுங்கள். டேக்குக்கு டேக் சுருதி பார்ப்பதும் அவசியம்.

டோலக்கும் கிட்டாரும் சேர்ந்தால் எப்படிக் கேட்க வேண்டும் என்று புரியாதவர்களுக்கு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் பாடல்களை ஹெட்போனில் கேட்கச் சொல்வேன். அத்தனை வாத்தியத்துக்கு நடுவில் குரலுக்கு எங்கே இடம் என்று கவனியுங்கள்.

டிராக் 4 கட்டையில இருக்கு, எனக்கு 2 தான் வரும்

கட்டை என்பது பாடும் சுருதி: 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. நாலிலிருந்து இரண்டுக்கு மூன்று அரைச்சுரம் இறக்க வேண்டும். ரெடிமேட் ஆடியோ டிராக்கை ஒன்றிரண்டு அரைச்சுரம் வரை நகர்த்தினால் தாங்கும். மூன்றில் டிரம்ஸ் தொளதொளவென்று ஆகத் தொடங்கும். மிடியில் (சத்தமாக இல்லாமல் சுரக் குறிப்பாகப் பதிவாகும் முறை) வாசித்த டிராக் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். முடிந்தவரை பீட் வாங்கும் முன்பே உங்கள் கட்டையைச் சொல்லிவிடுங்கள்.

ஙொய்னு ஒரு சத்தம் வந்துகினே இருக்கு

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜரோ எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டோ காரணமாக இருக்கலாம், பேட்டரியில் ஓட்டி எடுங்கள். நிற்கவில்லை என்றால் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், பிறகு கேபிள். மைக் கேபிளைக் கரன்ட் வயரோடு சேர்த்துச் சுருட்டி வைக்காதீர்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்துகிற வித்தை ஒன்று ஊரில் உலவுகிறது. அது உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள்.

மிக்ஸிங் எங்க ஆரம்பிக்கணும்?

குரலையும் டோலக்கையும் மட்டும் திறந்து, அவை இரண்டும் ஒழுங்காக உட்காரும்வரை மற்ற டிராக்குகளை மூடி வையுங்கள். வால்யூமை மட்டும் வைத்தே முக்கால்வாசி வேலை முடியும். குரலில் ஹை பாஸ், பிறகு உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரஷர் 3:1 அளவில், பிறகு கொஞ்சம் ரிவெர்ப் (அறை முழக்கம்). ரிவெர்ப் போதும் என்று தோன்றியதும் அதில் பாதியாகக் குறையுங்கள். கானாவில் வார்த்தை கரைந்தால் பாட்டே இல்லை.

கடைசியில் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள், தெரிந்த ஆட்டோ அண்ணனின் வண்டியில் கேளுங்கள். போனில் டோலக்கின் அடி காணாமல் போகும், விரல் சத்தமாவது தெரிய வேண்டும். சத்தத்தை எக்கச்சக்கமாக ஏற்றுவதில் லாபம் இல்லை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (பாட்டு காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்ற அளவு) பக்கம் எல்லாப் பாட்டையும் சமமாக இறக்கிவிடும்.

சினிமா மெட்டுல என் வரிய பாடிப் போட்டா பிரச்சினை வருமா?

வரலாம். மெட்டு ஒருவருடையது, ரெக்கார்டிங் இன்னொருவருடையது. அசல் கரோக்கியை எடுத்துப் பாடினால் இரண்டையும் தொடுகிறீர்கள். யூடியூப் தானாகக் கண்டுபிடித்து வருமானத்தை அங்கே திருப்பிவிடும், சில சமயம் வீடியோவே போகும்.

சொந்த மெட்டு, சொந்த வரி என்றால் இந்தியச் சட்டப்படி எழுதியவர் காலத்துக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் உரிமை உண்டு. பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. ஆனால் யார் எழுதியது, யார் மெட்டு, யார் பீட், வந்தால் எப்படிப் பங்கு என்பதை ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நண்பர்கள்தானே என்று விட்டு, பாட்டு ஓடிய பிறகு பேச்சுவார்த்தை நின்றுபோன கூட்டணிகள் இந்தப் பக்கம் நிறைய. நெட்டில் இலவசம் என்று கிடைக்கும் பீட் பெரும்பாலும் காசு பார்க்காத வரைக்கும்தான் இலவசம், நிபந்தனையைப் படியுங்கள். தெருவில் கேட்டு வளர்ந்த பழைய கானாவைப் பாடினால், அதைக் கட்டியவர் பெயர் தெரிந்திருக்கும் பட்சத்தில் கேட்டுவிட்டுப் பாடுங்கள், பெயரையும் போடுங்கள்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா சவுண்டே மாறிடுது. ஃபைலை எப்படி வெச்சுக்கிறது?

வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும். டபிள்யுஏவி ஃபைலை டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள், அப்படியே போகும். ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி, பத்து டிராக்கில் நாலு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 350 எம்பி. மொத்த ஃபோல்டரையும் கூகுள் டிரைவில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று வையுங்கள்.

கடற்காற்றில் மைக்கின் பின்னும் கேபிள் முனையும் கறுக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். ஐப்பசி பிறந்ததும் எல்லாவற்றையும் தரையிலிருந்து எடுத்துப் பரண் மேல் ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வந்த தண்ணீர் எத்தனை வீட்டில் கட்டில் மட்டத்துக்கு நின்றது என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க்கை மாடி வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்து வைத்தாலும் சரிதான்.